கையில் ஏஸ் ஜோடி வரும்போது

நோ-லிமிட் ஹோல்டெம் போக்கரில் இரண்டு ஏஸ் ஒன்றாகக் கைக்கு வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து வாங்கிய சீட்டைப் பலர் ஆடத் தெரியாமல் வீணாக்குகிறார்கள். கோவா மேசைகளில் ஆடியும் பார்த்தும் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: நல்ல சீட்டு வந்தால் பதுக்கி வைக்காதீர்கள். ஃப்ளாப் விழுவதற்கு முன்பே ரெய்ஸ் செய்யுங்கள்.

பணஜியில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் பார்த்த ஆட்டம் இது. 100/200 பிளைண்ட் மேசை. முதலில் ஆட வேண்டிய இடத்தில் இருந்தவர் 200 மட்டும் போட்டு நிறுத்திக்கொண்டார். பின்னால் மூன்று பேர் அதே 200-ஐப் போட்டு உள்ளே வந்தார்கள். ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். பிக் பிளைண்ட் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாமல் ஃப்ளாப்பைப் பார்த்தார். 9, 8, 4 விழுந்தது. பிக் பிளைண்ட் 800 கட்டினார். முதலாமவர் 2,400 ஆக்கினார். மறுநொடியே பிக் பிளைண்ட் ஆல்-இன்; இவரும் கால் செய்தார். சீட்டைத் திருப்பினால் இவரிடம் இரண்டு ஏஸ், அவரிடம் 9-8. டர்னும் ரிவரும் எதையும் மாற்றவில்லை. “ஏஸ் எனக்கு ராசியே இல்லை சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏஸ் ஜோடிக்கு எதிரே ஏதோ ஒரு கை மட்டும் நின்றால், 100-க்கு 85 தடவை ஏஸ் ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் என்றால் அது 56-க்கு இறங்கிவிடும். ஒன்பது பேர் என்றால் 31. கூட்டம் சேர்ந்தால் பாட் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்கவே வழியிருக்காது. சும்மா உள்ளே விட்டால் பிக் பிளைண்டில் இருப்பவர் 10-2 வைத்துக்கொண்டுகூட இலவசமாக ஃப்ளாப் பார்ப்பார். டாய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் போக்கர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை அந்த 10-2-ஐ வைத்துத்தான் வென்றார்.

200 பிக் பிளைண்ட் என்றால் 600 முதல் 800 வரை ரெய்ஸ் போதும். முன்னால் யாராவது வெறும் கால் செய்திருந்தால் ஆளுக்கு 200 கூட்டிக்கொள்ளுங்கள். ஏஸுக்கு ஒரு தொகை, பத்து ஜோடிக்கு வேறு தொகை என்று மாற்றினால், கவனிக்கிற ஆட்டக்காரர் அரை மணியில் உங்களைப் படித்துவிடுவார். எல்லா நல்ல கைக்கும் ஒரே அளவு வையுங்கள். எல்லோரும் ஃபோல்ட் செய்து 300 மட்டும் வந்தாலும் அது நஷ்டமில்லை.

ஃப்ளாப்புக்குப் பிறகு பார்க்க வேண்டியது, பாட்டுக்கும் கையில் மிச்சமிருக்கும் சிப்புக்கும் உள்ள விகிதம். இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். இருவரிடமும் 20,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 600 ரெய்ஸ் செய்து, அவர் மட்டும் கால் செய்து, பிளைண்டுகள் இரண்டும் ஃபோல்ட் ஆனால் பாட் 1,500. கையில் 19,400, அதாவது பாட்டைப் போல 13 மடங்கு. அங்கே ஏஸ் ஜோடி என்பது ஒரு ஜோடி மட்டுமே. மொத்தத்தையும் அதன் மேல் வைக்க முடியாது. அதே கையில் அவர் 600 போட்டு, நீங்கள் 2,000 ஆக்கி, அவர் கால் செய்தால் பாட் 4,300. மிச்சம் 18,000, சுமார் 4 மடங்கு. இங்கே பயமில்லாமல் கடைசிவரை போகலாம்.

ராஜா ஜோடிக்கு வருவோம். ஒன்பது பேர் மேசையில் உங்களிடம் ராஜா ஜோடி இருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருப்பது சுமார் 25-ல் ஒரு முறைதான். அதை நினைத்து முன்கூட்டியே ஒதுங்க வேண்டாம். ராணி ஜோடிக்கு ஃப்ளாப்பில் பெரிய சீட்டு வருவது 41 சதவீதம். ஜாக்கிக்கு அதுவே 57. அதனால் ஜாக்கியை ஏஸ் போல ஆடக் கூடாது.

ஏஸ்-ராஜா வேறு விஷயம். மூன்றில் ஒரு ஃப்ளாப்பில்தான் ஜோடி சேரும். ஆனால் அந்த இரண்டு சீட்டும் உங்களிடம் இருப்பதாலேயே எதிரியிடம் ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிடும். எனவே ஃப்ளாப்புக்கு முன் துணிந்து மறு-ரெய்ஸ் செய்யுங்கள். ஃப்ளாப் கைகொடுக்காவிட்டால் எதிரே இருவர் மூவர் நிற்கும்போது விட்டுவிடுங்கள்.

சிறிய பிளைண்ட் மேசைகளில் அமைதியாக ஆடும் ஒருவர் ரிவரில் செக் செய்து, நீங்கள் கட்டியதும் ரெய்ஸ் செய்தால், அவரிடம் இரண்டு ஜோடியாவது இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஏஸ் ஜோடியாக இருந்தாலும் ஃபோல்ட்தான்.

ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. பழகுவதற்குப் பணம் தேவையே இல்லை. நாலு நண்பர்களைக் கூட்டி, வெறும் சிப் வைத்து ஆடுங்கள். பெரிய ஜோடி வந்த ஒவ்வொரு முறையும் ஃப்ளாப்பை எத்தனை பேர் பார்த்தார்கள், பாட்டைப் போல எத்தனை மடங்கு சிப் மிச்சமிருந்தது என்ற இரண்டை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.