மெத்தையை நனைக்கும் பூனை

வீட்டில் இரண்டு பூனைகள். ஆண் பூனை ஒரு மாதமாக லிட்டர் ட்ரேயை விட்டுவிட்டு மெத்தையில் சிறுநீர் போகிறது. திட்டினாலும் கேட்பதில்லை. என்ன செய்வது? – வாசகி, திருச்சி

திட்டுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அது பழிவாங்கவில்லை, அதற்கு ஏதோ சரியில்லை. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருந்தால் ட்ரேயில் உட்காரும்போதெல்லாம் வலிக்கும். வலித்த இடத்தை ஒதுக்கிவிட்டு மெத்தென்ற இடம் தேடும்.

முக்கி முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டால் அடைப்பு. ஆண் பூனைக்கு அது ஓரிரு நாளில் உயிரையே பறித்துவிடும். நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

உடம்பில் கோளாறு இல்லையென்றால் ட்ரேயைக் கவனியுங்கள். இரண்டு பூனைகளுக்கு மூன்று ட்ரே, வெவ்வேறு மூலைகளில், சாப்பாட்டுத் தட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தள்ளி வையுங்கள். நீளம் பூனையைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். வாசனை சேர்க்காத நைசான மணலை 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டி, தினமும் இரண்டு வேளை அழுக்கை அள்ளிவிடுங்கள்.

மெத்தையில் ஃபினாயில் வேண்டவே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. என்சைம் கலந்த கிளீனர் போடுங்கள். வாடை மிஞ்சினால் மறுபடியும் அங்கேயே போகும்.

வாலைத் தூக்கி நடுக்கியபடி சுவரில் பீய்ச்சினால், அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்துவிடுங்கள், பெரும்பாலான ஆண் பூனைகள் அதோடு நிறுத்திவிடுகின்றன.