பூக்கும் சிறுகள்ளி: வளர்க்கும் முறையும் காக்க வேண்டிய எச்சரிக்கையும்

சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பியோர் சன்னலோரத்தில் வைத்து வளர்க்க ஏற்ற செடிகளுள் ஒன்று மாமில்லேரியா என்னும் சிறுகள்ளி. மெக்சிகோ நாட்டின் வறண்ட நிலங்களே இதன் முதன்மையான தாயகம். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை வடிவம். உச்சியைச் சுற்றி வளையமாக மலரும் இளஞ்சிவப்பு அல்லது வெண்மஞ்சள் பூக்கள். நோயாளியைப் பேணுவதிலேயே நாள் முழுவதும் கழியும் குடும்பத்தாருக்கும் இச்செடி சுமையாவதில்லை.

செடியின் இயல்பு

கள்ளியின் முட்கள் உருமாறிய இலைகளே. உணவு தயாரிக்கும் பணியைப் பசுந்தண்டு மேற்கொள்கிறது. நீரையும் அதுவே சேமித்து வைக்கிறது. பகல் வெப்பத்தில் நீர் ஆவியாகாதிருக்க, இதன் இலைத்துளைகள் பெரும்பாலும் இரவில்தான் திறக்கின்றன. சிறிதளவு நீரைக்கொண்டு நெடுநாள் வாழப் பழகிய உயிர் இது. ஆகவே வறட்சியைவிட மிகுந்த நீரே இதற்குப் பகை.

வளர்க்கும் முறை

தொட்டி: அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டி சிறந்தது. பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கும்.

மண்: தோட்டமண், மட்கிய உரம் ஆகியவை ஒரு பங்கு, பருமணலும் பொடிக்கற்களும் ஒரு பங்கு.

ஒளி: காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் ஏற்றது. ஒளி குறைந்தால் செடி மெலிந்து நீளும், பூக்காது. கோடை நண்பகல் வெயிலில் தோல் கருகும்.

நீர்: கிழமைக் கணக்கில் ஊற்றாதீர்கள். ஒரு குச்சியை மண்ணுள் செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டாவிடில் மட்டும் துளை வழியே வெளியேறும் அளவுக்கு நீர் விடுங்கள். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் கூரையின்கீழ் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் நீரை மிகவும் குறைத்து ஓய்வு கொடுத்தால், அடுத்து வரும் மாதங்களில் மொட்டு அரும்பும்.

தண்டு சுருங்கியிருந்தால் அது தாகத்தின் அறிகுறி. நீர் விட்டால் சில நாள்களில் தேறிவிடும். அடிப்பகுதி மஞ்சளித்துக் குழைந்தால் அது அழுகல், மீட்பது அரிது. பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தோன்றினால், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைத்தெடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க

சில கடைகளில் உலர்ந்த செயற்கைப் பூக்களைக் கள்ளியின் உச்சியில் பசையிட்டு ஒட்டி விற்பதுண்டு. மாமில்லேரியாவின் பூக்கள் உச்சியின் நடுவில் ஒற்றையாக நில்லாமல், சுற்றிலும் மலரும். மேலும், முட்கள் சிறு பஞ்சுத்திண்டுகளிலிருந்து கிளம்புகின்றனவா என்று பாருங்கள். மெய்யான கள்ளியின் அடையாளம் அதுவே. அத்திண்டு இல்லாத இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றின் பால் கண்ணில் பட்டால் கடுந்தீங்கு விளைக்கும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய் மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்தோர் ஆகியோர் தொட்டிமண்ணைக் கையாளுதல் கூடாது. மண்ணில் வாழும் பூஞ்சைகள் அவர்களுக்கு நுரையீரல் தொற்றை உண்டாக்கக்கூடும். செடியை அவர்கள் அறையில் வைப்பது பற்றியும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

நீரிழிவினால் விரல் உணர்ச்சி குறைந்தோர், முள் தைத்ததை அறியாமலே இருந்துவிடலாம். அவர்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும் செடியைத் தொடும் பணிகளைப் பிறரிடம் விடுவதே நலம். தொட்டி மாற்றுவோர் தடித்த கையுறை அணிந்து, மடித்த செய்தித்தாளால் செடியைச் சுற்றிப் பிடிக்கலாம்.

முள் தைத்தால் இடுக்கியால் நேராக இழுத்தெடுத்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் தோன்றினாலும், ஆறாத சிறு கட்டி எழுந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். முள் குத்தியதை அவரிடம் தவறாமல் கூறுங்கள். தனுர்வாதத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதையும் தெரிவியுங்கள்.