காண்டாமிருக வண்டும் உண்ணிச்செடியும்

வண்டு ஒன்றையும் பூஞ்செடி ஒன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது அங்கத்தினர் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விரண்டின் சரித்திரத்தையும் சேர்த்து நோக்குதல் நமக்குப் பயன் தரும்.

காண்டாமிருக வண்டு நம் ஆசியப் பகுதிக்கே உரியது. 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு அது பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவை அடைந்து, அங்குள்ள தென்னைகளைப் பாழாக்கிற்று. உண்ணிச்செடியோ அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு நூறாண்டு முன்னர், 1809-இல், அழகுக்காகவே கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஒன்று ஒளிந்து சென்றது. மற்றொன்று உபசாரத்துடன் அழைக்கப்பட்டது!

வண்டு சேதப்படுத்துவது குருத்தை. துளையுண்ட குருத்து விரியும்போது மட்டை விசிறிபோல் வெட்டுண்டு காணும். அத்துளை வழியே சிவப்புக் கூன்வண்டும் புகுமாயின் மரமே போய்விடும். ஆனால் அது பிறப்பது மரத்திலன்று. மக்கிய எருவிலும் மட்கிய தென்னந்தடியிலும் முட்டையிடுகிறது. புழு மாதக்கணக்கில் அங்கேயே வளர்கிறது. மரத்தில் கம்பிக் கொக்கியால் வண்டெடுப்பவர் எருக்குழியைக் கிளறாது விடுதல் பாதி வேலையே ஆகும். குழியிற் புழுக்களைப் பொறுக்கி அழித்து, மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணத்தைக் கலத்தல் வேண்டும்.

உண்ணிச்செடிக்கு அத்தகைய ஒரே பிறப்பிடம் இல்லை. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் இடுகின்றன. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் தழைக்கும். மஞ்சளாய் மலர்ந்து பின் சிவக்கும் பூ இனிதுதான். இலையைத் தின்ற மாடோ கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்து வருந்தும்.

இரண்டிற்கும் இயற்கைப் பகையைத் தேடினர். 1967-இல் சமோவாவில் விடப்பட்ட ஒரு வைரஸ் நோய் வண்டினத்தைப் பெரிதும் குறைத்தது. உண்ணிச்செடிக்கென 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டிற்குத் தருவிக்கப்பட்ட பூச்சியால் புதர் ஒழியவில்லை. அதற்குக் கடப்பாரையே கதி. வேரோடு, காய்க்குமுன் பெயர்க்க வேண்டும்.

ஆயினும் ஒருவர் மட்டும் தம் குழியைத் துப்புரவு செய்து, அண்டைத் தோப்பில் தடி மட்கிக் கிடந்தால் வண்டு வேலியை மதியாது, பறவையும் அப்படியே. ஆதலின் சங்க எல்லை முழுவதற்கும் ஒரே வாரத்தை மழைக்கு முன்னரே குறித்துக்கொள்ளுதல் நன்று என்பது நமது கருத்து.

பெயர்த்த கொம்புகளை எரிக்குமுன் நெசவாள அங்கத்தினர் ஒரு செய்தி அறிக: மாதேசுவரன் மலையில் சோளகர்கள் அவற்றை வேகவைத்துத் தோலுரித்து, நாற்காலியும் கூடையும் செய்து விற்கின்றனர்.