விளையாட்டு உடை நாள் முழுக்கவா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பி.டி. பீரியட் உள்ள நாளில் காலை முதல் மாலை வரை டிராக் பேன்ட், டி-ஷர்ட்டிலேயே இருக்கிறாள். வியர்வையோடு வகுப்பில் உட்காருவது சரியா?
– வாசகி, ஈரோடு

தாராளமாக இருக்கட்டும், அம்மா. உடை மாற்றப் போனாலே பீரியடில் பத்து நிமிடம் போய்விடும். பல பள்ளிகளில் பெண்பிள்ளைகள் உடை மாற்றக் கழிப்பறையை விட்டால் வேறு இடமும் இல்லை. அந்தச் சங்கடத்திலேயே மைதானத்தின் ஓரமாக நின்றுவிடும் பெண்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டிராக் பேன்ட் போட்டிருந்தால் இடைவேளையிலும் கூச்சமில்லாமல் ஓடலாம். 2020இல் கொரோனா காலத்தில் பிரிட்டனிலும் பல பள்ளிகள், உடைமாற்றும் அறையில் கூட்டம் சேராமலிருக்க இதே ஏற்பாட்டைச் செய்தன.

வியர்வை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பாலியஸ்டர் துணி வியர்வையை உறிஞ்சாது, வாடையையும் விடாது. உள்ளே பருத்தி ஸ்லிப் போடட்டும். பையில் இன்னொரு ஸ்லிப், சிறு துண்டு, மாற்று சாக்ஸ் வைத்துவிடுங்கள். விளையாடி முடித்ததும் துடைத்துக்கொண்டு இவற்றை மட்டும் மாற்றினால் போதும். வாரத்தில் இரண்டு பி.டி. என்றால் டி-ஷர்ட்டும் இரண்டு வாங்கிவிடுங்கள்; துவைக்காமல் மறுமுறை போட வேண்டாம்.