புதுக் கார் டயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆலையிலிருந்து புதுக் காரோடு வரும் டயர், கார் நிறுவனம் விதித்த அளவுகோலுக்கு டயர் நிறுவனம் தயாரித்துக் கொடுப்பது. பிரேக் பிடித்தால் கார் நிற்கும் தூரம், இரைச்சல், எண்ணெய்ச் செலவு எல்லாம் அந்த டயரைப் போட்டே சோதிக்கப்படுகின்றன. மலேசியாவின் புக்கிட் பெருந்துங் ஊருக்குத் தெற்கே சுங்கை சோவில் பெரோடுவா கார் ஆலை. வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஊரிலேயே, “புதுக் காடியில வர்றது மட்டமான டயர், எடுத்த கையோட மாத்திடு” என்ற பேச்சு ஓயாமல் சுற்றுகிறது.

இதைப் போல நஷ்டமான அறிவுரை வேறில்லை. கழற்றிய நான்கு டயரும் அற்ப விலைக்குக் கடையிலேயே தங்கிவிடும். பிறகு “நல்ல டயர், கொஞ்சம்தான் ஓடியது” என்று இன்னொருவர் தலையில் கட்டப்படும். மட்டமான டயர் ஒரே வாரத்தில் எப்படி நல்ல டயரானது என்று எவரும் கேட்பதில்லை.

பேச்சில் துளி உண்மையும் உண்டு. பிடிப்பு, உருளும் எளிமை, நீடித்த உழைப்பு ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று பெரும்பாலும் குறையும். 2014-ஆம் ஆண்டின் தேசிய வாகனக் கொள்கை, எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் கார்களுக்குச் சலுகை தந்தது. அதே ஆண்டு பெரோடுவாவின் சிக்கனக் காரான அக்சியா வந்தது. சிக்கனம் வேண்டும் என்றால் எடை குறைந்த, எளிதாக உருளும் டயர் வேண்டும். அதனால் சில கார்களின் முதல் டயர், கடையில் வாங்கும் கெட்டி டயரைவிடச் சீக்கிரம் தேயலாம். அது தெரிந்தே செய்த தேர்வு. கழிவுச் சரக்கைத் தள்ளிவிட்ட வேலை அல்ல. கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் சாயங்கால மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் வழுக்கவும் கூடும்.

சீக்கிரம் தேய்ந்த டயரைக் குறை சொல்லுமுன் அதைக் கொஞ்சம் பார்க்கலாம். இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று போதவில்லை. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் சக்கரக் கோணம் பிசகியிருக்கிறது. டயரின் பூவை, அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய பரப்பை, குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம் போலவும் பட்டால், அதுவும் கோணக் கோளாறே. செம்பனை லோரிகள் ஓடிப் பள்ளமாக்கிய தோட்டத்துச் சாலையில் இறங்கி ஏறும் காருக்கு இது அடிக்கடி வரும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள்தான் முதலில் தேயும். ஏறக்குறைய 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடாதவர் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைப்பது தவறு: காற்று குறைந்த டயர்தான் அதிகம் நெளிந்து சூடேறும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவே போதும், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். நைட்ரஜன் அடித்தால் டயர் இரட்டிப்பு நாள் வரும் என்பது வெறும் வியாபாரம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் போடுவது வழக்கம். ஆனால் மழையில் பின்பக்கம் இழுபடாமலிருக்க அவை பின்னால் போக வேண்டும். அந்தக் காலத்து டயர் சுத்தமான ரப்பர் பால் என்று பெருமூச்சு விடுவோர் அறிய வேண்டியது: பால்மரத்து ரப்பர் இன்றும் லோரி, விமான டயர்களில் அதிகம், கார் டயரில் செயற்கை ரப்பருக்கும் பெரும் பங்குண்டு. ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் ஆலை 2024 ஜூனில் மூடப்பட்டதால் இனி வருவதெல்லாம் மட்டம் என்பதும் பொருளற்றது. ஆலை எந்த ஊரில் இருக்கிறது என்பது தரத்தை முடிவு செய்யாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது புது டயரை அல்ல, பூ வெட்டிய பழைய டயரை. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக்கிப் புதிது போல் விற்கிறார்கள். லோரி டயர்களில் சிலவற்றை அப்படி வெட்டலாம் என்று ஆலையே முத்திரையிட்டிருக்கும். கார் டயரில் வெட்டினால் கத்தி எஃகு இழைகளை நெருங்கிவிடும். பழைய டயர் வாங்கியே ஆக வேண்டியவர்கள், பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) குறியின் முடிவிலுள்ள நான்கு இலக்கத்தைப் படித்துக்கொள்ளட்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பள்ளத்தின் அடியிலிருக்கும் சிறு மேட்டையும் பார்க்கட்டும். பூ அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதி 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதற்குக் கீழே அந்த டயர் சாலையில் ஓடக் கூடாது. அந்த மேட்டையே வெட்டி எடுத்திருந்தால், எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.