பால் ஊற... பாட்டி வைத்தியமும் கொஞ்சம் கவனமும்

● சோம்பு நீர்: ஒரு டீஸ்பூன் சோம்பைத் தட்டி, ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு, 10 நிமிடம் மூடிவைத்து வடிகட்டிக் குடிக்கலாம். நாளுக்கு ஒரு டம்ளர் போதும்.

● வெந்தயம்: குழம்பு, கஞ்சியில் சேர்க்கும் அளவு சரி. பொடி, மாத்திரையாக அதிகம் எடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கலாம், வயிற்றுப்போக்கும் வரலாம். சர்க்கரை நோய்க்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிடுபவர்கள், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

● பூண்டு, முருங்கைக்கீரை: பூண்டுக் குழம்பும் கீரைப் பொரியலும் தாராளமாகச் சாப்பிடலாம். பூண்டு வாசனை பாலில் இறங்கினாலும் பெரும்பாலான குழந்தைகள் முகம் சுளிப்பதில்லை.

● புதினா: துவையலுக்குத் தடையில்லை. திக்கான புதினா டீயைத் தினமும் பலமுறை குடிக்க வேண்டாம். பால் குறையலாம் என்பார்கள்.

● பால் கட்டிக்கொண்டால்: குழந்தைக்குப் பால் கொடுத்தபின் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் வையுங்கள். காய்ச்சலோ மார்பில் சிவப்போ தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

● முதல் மருந்து: குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். பச்சிளங்குழந்தைக்கு நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். முதல் வாரத்துக்குப் பின் தினம் 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது.