கேள்வியையே திருப்பிச் சொல்லும் பிள்ளை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான், "பேரென்னடா?" என்று கேட்டால் அவனும் "பேரென்னடா?" என்கிறான், கிண்டல் செய்கிறான் என்று வகுப்பு டீச்சர் கோபப்படுகிறார் என எழுதியிருந்தாய். கிண்டலெல்லாம் இல்லை என்று அவரிடம் முதலில் சொல்லிவிடு. ஆட்டிசத்தின் அறிகுறிப் பட்டியலைப் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்திருப்பாய். அதை விட்டுவிட்டு இந்த எதிரொலிப் பேச்சைப் பற்றியே எழுதுகிறேன்.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்கிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். பிறகு வெகுகாலம் இதை அர்த்தமில்லாத உளறல் என்று நினைத்து நிறுத்தத்தான் பார்த்தார்கள். 1980களில் பேரி பிரிஸன்ட் போன்ற ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தார்கள். வேண்டியதைக் கேட்க, 'சரி' என்று ஒப்புக்கொள்ள, தன் முறை வரும்போது எதையாவது சொல்லிவைக்க, தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ள என்று இந்தப் பேச்சுக்குப் பல வேலைகள் இருப்பது அப்போது தெரிந்தது.

பையன் பாட்டிலைப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்றால் அவனுக்குத் தண்ணீர் வேண்டும். தாகம் எடுத்தபோதெல்லாம் அவன் காதில் விழுந்தது அந்தக் கேள்விதானே? "அப்படிச் சொல்லக் கூடாது" என்று திருத்தாதே. "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டியதை ஒரு தடவை நீ சொல்லிவிட்டு பாட்டிலைக் கையில் கொடு. 'சாப்பிடுறியா', 'சாப்பிடுறேன்' என்று நம் பேச்சில் வினையிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வியைத் திருப்பிச் சொல்கிற பிள்ளையிடம் அந்த ஆள் மாறாமல் நின்றுவிடும். அதனால் முதல் சில மாதங்களுக்குக் கேள்விகளைக் குறைத்துக்கொள். "இது என்ன கலர்? இது யாரு?" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைக்காதே. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒன்றைக் கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணு. பதில் வருவதற்குள் அதே கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால், பாவம், அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கோ, எப்போதோ கேட்டதைச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. என்னிடம் படித்த ஒரு சிறுமி காலை பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் "ஊசி போட மாட்டாங்க, ஊசி போட மாட்டாங்க" என்பாள். ஆஸ்பத்திரியில் அவளைத் தேற்ற அம்மா சொன்ன வார்த்தை அது. அவளுக்கு அதன் அர்த்தம் 'பயமாயிருக்கு' என்பதுதான். பிரேயரில் என்ன பயம்? மைக். ஆன் செய்ததும் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது. ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, வரிசையின் கடைசியில் நிறுத்தியதும் ஊசி பற்றிய பேச்சு குறைந்தது. சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவை அளவுக்கு மீறி உறுத்துவதையோ உறைக்காமலே போவதையோ 2013இலிருந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்திருக்கிறது. சட்டை லேபிள், சத்துணவுக் கூடத்தின் இரைச்சல், மினுக்கும் டியூப்லைட் என்று உன் பள்ளியை ஒரு சுற்று சுற்றிப் பார்.

கையை உதறுகிறானா, உதறட்டும். முகவாயைப் பிடித்து "என் கண்ணைப் பாரு" என்று சொல்லும் பழக்கம் அங்கே யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல். பார்க்காமலும் கேட்பான்.

பேச்சே வராத பிள்ளையும் நாளை உன்னிடம் வரலாம். பட அட்டைகளைக் கொடு. சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன. "படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும்" என்று வீட்டில் தயங்குவார்கள். அப்படி ஆவதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

வீட்டுக்காரர்களைப் பற்றியும் ஒன்று. தாய்க்குப் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சை அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் பரப்பினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று 1964இலேயே புத்தகம் எழுதி மறுத்தார். ஆனாலும் அந்தப் பழி இன்னும் ஓயவில்லை. "நீ வேலைக்குப் போனதாலதான்", "செல்போனைக் கையில கொடுத்ததாலதான்" என்று நம் வீடுகளில் இன்றும் அம்மாக்கள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நீயும் ஒரு வரி சேர்க்காதே. வேறொரு பிள்ளையிடம் சந்தேகம் வந்தாலும் ஆட்டிசம் என்று நீயே பெயர் வைத்துவிடாதே. பார்த்ததைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பு. காது கேட்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல். ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சான்றிதழ் வாங்கி வைத்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு உதவும்.

அடுத்த மாதம் ஆண்டு விழா என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் முன்னதாகவே, யாரும் இல்லாதபோது அவனை மேடைக்குக் கூட்டிப்போய்க் காட்டு. முதலில் டான்ஸ், அப்புறம் பரிசு, அப்புறம் வீடு என்று வரிசையாகப் படம் போட்டு அவன் கையில் கொடு. பறை அடிக்கும் குழு வருகிறதா என்று கேட்டு வை. அன்றைக்குக் கடைசி நேரத்தில் "வீட்டுக்குப் போலாமா?" என்று அவன் உன்னைக் கேட்டால், அவன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா